தலைக்கு எத்தனை மரம்? பின்லாந்தும் கனடாவும் தரும் கணக்குப் பாடம்

ஒரு கிராமத்தில் இரண்டு வீடுகள். முதல் வீட்டுத் தொழுவத்தில் பத்து மாடுகள் நிற்கின்றன. ஆனால் கறப்பது இரண்டுதான். அடுத்த வீட்டில் நான்கே மாடுகள், நான்கும் கறவை. இவ்விரண்டில் எது வசதியான வீடு? மாட்டை எண்ணினால் முதல் வீடு. பாலை அளந்தால் இரண்டாவது வீடு.

நாடுகளின் மர வளத்தைக் கணக்கிடும்போதும் இதே கேள்வி எழுகிறது. காடு நிறைந்த நாடுகள் என்று உலகம் அறிந்தவற்றில் வட அமெரிக்காவின் கனடாவும் வட ஐரோப்பாவின் பின்லாந்தும் முக்கியமானவை. இரண்டும் குளிர் நாடுகள். இரண்டிலும் பைன், ஸ்புரூஸ் போன்ற ஊசியிலை மரங்களே பெரும்பான்மை. இரண்டும் பலகையும் காகிதக் கூழும் காகிதமும் ஏற்றுமதி செய்து பொருள் ஈட்டுபவை. இவ்விரு நாடுகளின் மரத்தை மக்கள் தொகையால் வகுத்துப் பார்த்தால், மரம் வைத்திருக்கும் எந்தச் சிறு விவசாயிக்கும் பயன்படக்கூடிய ஒரு பாடம் கிடைக்கிறது.

கணக்கு எப்படிப் போடப்படுகிறது?

காட்டை ஹெக்டேரில் அளக்கிறார்கள். ஒரு ஹெக்டேர் ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். மரத்தைக் கன மீட்டரில் அளக்கிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டர் உள்ள பெட்டியில் கெட்டியாக நிரம்பும் மரமே ஒரு கன மீட்டர். மரக்கடைக் கணக்கில் சொன்னால் இது 35 கன அடிக்குச் சற்றுக் கூடுதல். காட்டில் நிற்கும் மரங்களின் அடிமரக் கன அளவை எல்லாம் கூட்டினால் வருவது 'நிற்கும் மர இருப்பு'. கிளையும் இலையும் வேரும் இதில் சேரா.

இனி இரு நாடுகளின் கணக்கைப் பார்க்கலாம். எண்கள் எளிதில் நினைவில் நிற்கும்படி முழுமையாக்கித் தரப்பட்டுள்ளன.

பின்லாந்து: மக்கள் ஏறத்தாழ 56 லட்சம். காடு ஏறத்தாழ 2.25 கோடி ஹெக்டேர். நிற்கும் மர இருப்பு ஏறத்தாழ 250 கோடி கன மீட்டர். தலைக்குக் காடு 4 ஹெக்டேர்; தலைக்கு மரம் ஏறத்தாழ 450 கன மீட்டர்.

கனடா: மக்கள் 4 கோடிக்குச் சற்று மேல். காடு ஏறத்தாழ 35 கோடி ஹெக்டேர். நிற்கும் மர இருப்பு 4,500 கோடி கன மீட்டருக்குக் குறையாது. தலைக்குக் காடு எட்டரை ஹெக்டேர். தலைக்கு மரம் ஏறத்தாழ 1,100 கன மீட்டர்.

ஆக, நிற்கும் மரத்தை எண்ணினால் ஒவ்வொரு கனடியர் பங்குக்கும் பின்லாந்துக்காரரைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு மரம் உண்டு. கனடா பத்து மாட்டு வீடு. பின்லாந்து நான்கு மாட்டு வீடு.

பாலை அளந்தால்?

இப்போது ஆண்டுதோறும் வெட்டி எடுக்கும் மரத்தைப் பார்ப்போம். பின்லாந்தில் ஆண்டுக்கு 7 கோடி கன மீட்டருக்கு மேல் வெட்டுகிறார்கள். தலைக்கு ஏறத்தாழ 13 கன மீட்டர் ஆகிறது. கனடாவில் ஆண்டு வெட்டு 13 முதல் 14 கோடி கன மீட்டர். தலைக்கு 3 கன மீட்டருக்குச் சற்று மேல். அதாவது, தலைக்கணக்கில் பின்லாந்து கனடாவைப் போல் நான்கு மடங்கு மரம் எடுக்கிறது. காட்டின் பரப்பு கனடாவில் பதினைந்தில் ஒரு பங்குதான். மக்களும் ஏழில் ஒரு பங்குதான். ஆனாலும் மொத்த வெட்டில் கனடாவின் பாதியை எட்டிவிடுகிறது.

இதை வேறு வகையிலும் சொல்லலாம். நிற்கும் ஒவ்வொரு 100 கன மீட்டருக்கும் பின்லாந்தில் ஆண்டுக்கு 3 கன மீட்டர் எடுக்கிறார்கள். கனடாவில் எடுப்பது மூன்றில் ஒரு கன மீட்டர் கூட இல்லை.

அப்படியானால் பின்லாந்து தன் காட்டைத் தின்று தீர்க்கிறதா? இங்கேதான் மூன்றாவது எண் ஒன்று தேவைப்படுகிறது. அது ஆண்டு வளர்ச்சி. பின்லாந்தின் காடுகள் ஆண்டுக்கு 10 கோடி கன மீட்டருக்குச் சற்று அதிகமாக வளர்கின்றன. முதல் 250 கோடி என்றால் வட்டி 10 கோடி, நூற்றுக்கு நான்கு. வெட்டுவது 7 கோடிக்கு மேல். தானே பட்டுப்போகும் மரம் சிறிது. எஞ்சிய வட்டி முதலில் சேர்ந்துவிடுகிறது. 1920-களில் அந்நாட்டின் மர இருப்பு ஏறத்தாழ 160 கோடி கன மீட்டராக இருந்தது. அதன் பின் நூறு ஆண்டுகளில் அன்று நின்ற மொத்த மரத்தையும் விட அதிகமான மரம் வெட்டி விற்கப்பட்டது. இருந்தும் இருப்பு குறையவில்லை; ஒன்றரை மடங்கைத் தாண்டியிருக்கிறது.

வளம் தானாக வந்ததல்ல

பின்லாந்தின் காடு எப்போதும் இப்படிச் செழிப்பாக இருந்ததில்லை. பல நூறு ஆண்டுகள் அங்கே காட்டை வெட்டி எரித்து, அந்தச் சாம்பலில் ரை தானியம் விதைத்து வந்தார்கள். சில அறுவடை எடுத்தபின் வேறிடம் போய்விடுவார்கள். மேற்குக் கடலோரத்தில் பைன் மரத்திலிருந்து தார் காய்ச்சிக் கப்பல்களுக்கு விற்றார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், மக்கள் நெருக்கமாக வாழ்ந்த தெற்குப் பகுதிகளில் காடு மெலிந்துவிட்டது. அதன் பிறகே விழிப்பு வந்தது. 1859-ல் அரசுக் காடுகளைக் கவனிக்க ஒரு நிர்வாகம் ஏற்பட்டது. 1886-ல் வந்த சட்டம் காட்டைப் பாழடிப்பதைத் தடை செய்தது.

அடுத்த படி அளவெடுப்பு. 1921 முதல் 1924 வரை நாடு முழுவதும் நேர்கோடுகளாக நடந்து போய், வழியில் கண்ட மரங்களை அளந்து, காட்டின் இருப்பையும் வளர்ச்சியையும் கணக்கிட்டார்கள். இதற்குத் தலைமை ஏற்றவர் இர்யோ இல்வெஸ்ஸாலோ என்ற வன விஞ்ஞானி. நாடு தழுவிய மர அளவெடுப்பில் உலகுக்கே முன்னோடிகளாக நின்ற சில முயற்சிகளில் இதுவும் ஒன்று. அன்று தொடங்கிய கணக்கு இன்றுவரை திரும்பத் திரும்ப எடுக்கப்பட்டு வருகிறது. 1950, 60-களில் வெட்டு வளர்ச்சியை மிஞ்சத் தொடங்கியபோது இந்தக் கணக்குதான் எச்சரித்தது. நாற்று நடவு, உரமிடல், சதுப்பு நில வடிகால் எனப் பெரிய திட்டங்கள் அதன் பின்னரே வந்தன. இருப்பைத் தெரிந்துகொள்ளாமல் செலவு செய்யும் வீடு என்றேனும் ஒரு நாள் கடன்படும். பின்லாந்து இருப்பைத் தெரிந்துகொண்டது.

காடு யார் கையில்?

இரு நாடுகளுக்கும் இடையே உள்ள மிகப் பெரிய வேறுபாடு உடைமையில் இருக்கிறது.

பின்லாந்தின் காட்டில் ஏறத்தாழ 60 சதவீதம் தனியார் குடும்பங்களுக்குச் சொந்தம். காட்டு உடைமையாளர்கள் ஏறத்தாழ 6 லட்சம் பேர். மக்களில் ஒன்பது பேருக்கு ஒருவர். ஒரு குடும்பத்தின் காடு சராசரி 30 ஹெக்டேர். உள்நாட்டு ஆலைகளுக்குப் போகும் மரத்தில் பெரும்பகுதி இந்தக் குடும்பங்கள் விற்பதுதான்.

விவசாயி கைக்குக் காடு வந்த கதை பழையது. பின்லாந்து சுவீடன் ஆட்சியில் இருந்த காலத்தில், 1757-ல் தொடங்கிய நிலப் பங்கீட்டில், கிராமப் பொதுவாக இருந்த நிலமும் காடும் பண்ணைகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போரின் முடிவில் கரேலியா போன்ற பகுதிகளைச் சோவியத் நாட்டிடம் இழந்தபோது 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு வாசலை விட்டு வந்தார்கள். 1945-ல் இயற்றிய சட்டத்தின்படி அவர்களில் விவசாயம் செய்து வந்தவர்களுக்குப் புதிய இடங்களில் பண்ணை அமைத்துக் கொடுத்தார்கள். வயலோடு காடும் சேர்த்தே தரப்பட்டது. காரணம் எளிது. அங்கே குளிர்காலத்தில் நிலம் உறைந்துவிடும், உழவு இல்லை. அந்த மாதங்களில் விவசாயி தன் குதிரையோடு காட்டுக்குப் போவார். வெட்டிய மரத்தைப் பனிச்சறுக்கு வண்டியில் ஆற்றங்கரைக்கு இழுத்துப் போடுவார். வெயில் வந்து பனி உருகினால் ஆறே மரத்தை ஆலைக்குக் கொண்டு போகும். வயல் சோறு போட்டது. காடு ரொக்கம் தந்தது. வீடு கட்டவும், பிள்ளைகளைப் படிக்க வைக்கவும், டிராக்டர் வாங்கவும் காட்டு மரமே கை கொடுத்தது.

இன்று அந்தக் குதிரையும் இல்லை, ஆற்று மிதப்பும் இல்லை. வெட்டுவதும் கிளை கழிப்பதும் இயந்திரம். உடைமையாளர்களில் பலர் ஓய்வுபெற்றவர்கள். பலர் நகரத்தில் வாழ்பவர்கள். ஆனாலும் பட்டா குடும்பத்திடமே இருக்கிறது. மெட்சா குழுமம் என்ற பெரிய மரத்தொழில் நிறுவனத்தின் தாய் அமைப்பே ஏறத்தாழ 90,000 காட்டு உடைமையாளர்கள் சேர்ந்த கூட்டுறவுச் சங்கம்தான். மரத்தை விற்பவரே ஆலையிலும் பங்காளி.

கனடாவில் நிலைமை வேறு. அங்கே காட்டில் பத்தில் ஒன்பது பங்கு அரசுடைமை. அதிலும் பெரும்பகுதி மாகாண அரசுகளுடையது. 1867-ல் கனடா கூட்டாட்சியாக அமைந்தபோது நிலமும் மரமும் மாகாணங்களின் பொறுப்பில் வந்தன. மாகாண அரசு ஆண்டுக்கு எவ்வளவு வெட்டலாம் என்று வரம்பு கட்டி, நிறுவனங்களுக்கு உரிமம் தந்து, நிற்கும் மரத்துக்குக் கட்டணம் வாங்குகிறது. அந்தக் கட்டணம் மிகக் குறைவு, அது மறைமுக மானியம் என்று அண்டை நாடான அமெரிக்கா சொல்கிறது. 1982-ல் தொடங்கிய இந்த வழக்கு இன்னும் ஓயவில்லை. கனடியப் பலகைக்கு அமெரிக்கா தனி வரி போட்டு வருகிறது.

கனடாவிலும் சிறு காட்டு உடைமையாளர்கள் உண்டு. கியூபெக், நியூ பிரன்சுவிக், நோவா ஸ்கோஷியா முதலிய கிழக்கு மாகாணங்களில் அவர்கள் அதிகம். அரசுக் காட்டு மரம் ஆலைகளுக்குத் தாராளமாகக் கிடைக்கும்போது தங்கள் மரத்துக்கு விலை நிற்பதில்லை என்பது நியூ பிரன்சுவிக் உடைமையாளர்களின் நெடுநாள் முறையீடு. தலைக்கு 1,100 கன மீட்டர் என்ற பெரிய எண் அவர்களுடைய பையில் ஒரு காசும் போடுவதில்லை. அதே காடுகளில் காலங்காலமாக வாழும் பழங்குடி மக்களின் உரிமைக் கேள்வியும் உண்டு. 2014-ல் கனடிய உச்ச நீதிமன்றம் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வாழும் சில்கோட்டின் மக்களுக்கு ஏறத்தாழ 1,750 சதுர கிலோமீட்டர் நிலத்தில் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது.

எட்டாத மரமும் எரியும் மரமும்

கனடா ஏன் குறைவாக வெட்டுகிறது என்பதற்கு உடைமை மட்டும் காரணமல்ல. வடக்கே விரிந்து கிடக்கும் காட்டின் பெரும்பகுதிக்குச் சாலையே இல்லை. குளிர் கடுமையானதால் மரம் மெல்ல வளரும், தண்டும் சிறுக்கும். அதை வெட்டிக் கொண்டுவரும் செலவு விற்கும் விலையைத் தாண்டிவிடும். எண்ணில் இருக்கும் மரம் எல்லாம் கைக்கு எட்டும் மரம் அல்ல.

இதோடு இழப்பும் சேர்கிறது. 1990-களில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் மலைப் பைன் வண்டு பெருகத் தொடங்கியது. அரிசி மணி அளவுள்ள இந்தக் கறுப்பு வண்டு பட்டைக்கு அடியில் துளைத்து முட்டையிடும். கூடவே ஒரு பூசணத்தையும் கொண்டு போகும். நீரோட்டம் அடைபட்டு மரம் சாகும். முன்பெல்லாம் கடும் குளிர் வந்து புழுக்களைக் கொன்றுவிடும். குளிர்காலம் மிதமானதும் அந்தக் காவல் போயிற்று. காட்டுத் தீயைப் பல்லாண்டு அணைத்து வந்ததால் ஒரே வயதான முதிர்ந்த பைன் மரங்கள் பரந்து நின்றன; வண்டுக்கு அது விருந்தாயிற்று. மாகாணத்தில் விற்பனைக்கு உரிய பைன் மரத்தில் பாதிக்கு மேல், அதாவது 70 கோடி கன மீட்டருக்கு மேல் பட்டுப்போனது. பின்லாந்து பத்து ஆண்டுகளில் வெட்டும் அளவுக்கு இது சமம். பட்ட மரத்தை அவசரமாக வெட்டி விற்ற சில ஆண்டுகள் ஆலைகளுக்கு வேலை இருந்தது. அது தீர்ந்ததும் பல ஆலைகள் மூடப்பட்டன. மரத்தை நம்பியிருந்த சிற்றூர்கள் பிழைப்பை இழந்தன.

2023-ல் கனடாவில் காட்டுத் தீ ஏறத்தாழ 1.5 கோடி ஹெக்டேர் நிலத்தைப் பற்றியது. மக்கள் தொகையால் வகுத்தால் தலைக்கு ஏறத்தாழ ஒரு ஏக்கர்! அந்நாட்டில் ஓராண்டில் மரத்துக்காக வெட்டும் பரப்பைப் போல் இது இருபது மடங்கு. பின்லாந்தில் ஓராண்டில் எரிவது பெரும்பாலும் சில நூறு ஹெக்டேர்; மோசமான ஆண்டுகளில் ஆயிரத்தைத் தாண்டும். ஏரிகள் காட்டைத் துண்டு துண்டாகப் பிரிக்கின்றன. காட்டுச் சாலைகள் எங்கும் செல்கின்றன. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். புகை எழுந்தால் பார்க்க ஆள் உண்டு, போக வழியும் உண்டு.

பின்லாந்திலும் குறை உண்டு

இதனால் பின்லாந்து செய்தது எல்லாம் சரி என்று எண்ணிவிடக் கூடாது. மர வளர்ச்சியைக் கூட்ட ஏறத்தாழ 50 லட்சம் ஹெக்டேர் சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தார்கள். மரம் வளர்ந்தது உண்மை. ஆனால் வடிந்த நீர் சேற்றையும் சத்துகளையும் ஏரிகளுக்குக் கொண்டுபோய்ப் பழுப்பாக்கியது. காய்ந்த கரிச்சேறு கரிவளியை வெளிவிடுகிறது. ஒரே வயது, ஒரே இன மரங்களாக நிறுத்தியதால், பட்டுப்போன முதுமரங்களை நம்பி வாழும் பூச்சிகளும் பறவைகளும் அருகின. அண்மை ஆண்டுகளில் வெட்டு உயர்ந்து, பைன் மரங்களின் வளர்ச்சி சற்றுத் தளர்ந்ததால், காடு உறிஞ்சும் கரிவளியின் அளவும் குறைந்துவிட்டது. வட்டி முழுவதையும் எடுத்துச் செலவழிப்பவர் கெட்ட காலத்துக்கு ஒன்றும் வைக்காதவர் என்பதை அந்நாட்டிலும் இப்போது விவாதிக்கிறார்கள்.

சராசரி மறைப்பதும் காட்டுவதும்

ஆகவே 'தலைக்கு இவ்வளவு மரம்' என்ற ஒரே எண்ணால் ஒரு நாட்டின் மர வளத்தை எடைபோட முடியாது. நான்கு கேள்விகளைச் சேர்த்துக் கேட்க வேண்டும். நிற்பது எவ்வளவு? ஆண்டுக்கு வளர்வது எவ்வளவு? அதில் வெட்டி எடுத்துவர இயல்வது எவ்வளவு? விற்ற பணம் யார் கைக்குப் போகிறது? முதல் கேள்விக்குக் கனடா முந்துகிறது. மற்ற மூன்றிலும் பின்லாந்தின் சிறு உடைமையாளர் நல்ல நிலையில் இருக்கிறார்.

வரப்பிலோ தோட்டத்திலோ மரம் வைத்திருக்கும் விவசாயிக்கும் இதே நான்கு கேள்விகள் பொருந்தும். மரங்களை எண்ணி, மார்பளவு உயரத்தில் சுற்றளவை நாடாவால் அளந்து, ஆண்டுக்கு ஒரு முறை நோட்டில் குறித்து வைக்க வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுக் குறிப்பு இருந்தால் எந்த மரம் வேகமாகப் பருக்கிறது, எது நின்றுவிட்டது என்பது தெரிந்துவிடும். பருக்கும் மரத்தை வெட்டுவது கறக்கும் மாட்டை விற்பது போன்றது.

விற்கும்போது அளவு முறையைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். சுற்றளவை நான்கால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவது மர வியாபாரத்தில் உள்ள பழைய முறை. 4 அடி சுற்றளவும் 10 அடி நீளமும் உள்ள உருட்டு மரம் இந்த முறையில் 10 கன அடி. உருளையின் முழுக் கன அளவைக் கணக்கிட்டால் அதே மரம் 12.7 கன அடி. அறுக்கும்போது போகும் கழிவுக்காக இப்படிக் குறைத்து அளக்கிறார்கள். அது வழக்கம் என்றால் விலையும் அதற்கு ஏற்ப இருக்க வேண்டும். மொத்தக் கன அளவுக்குரிய விலையைச் சொல்லி நான்கில் ஒரு பங்கு முறையில் அளந்தால், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மரம் விலையின்றிப் போய்விடும். பேரம் பேசும் முன் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

பின்லாந்துக்காரர்கள் நூறு ஆண்டுகளாகச் செய்து வருவதும் இதைத்தான். நாட்டளவில் செய்தால் அதற்கு மர அளவெடுப்பு என்று பெயர்; வீட்டளவில் செய்தால் ஒரு நாடா, ஒரு நோட்டு, ஒரு பென்சில் போதும்.